சாம்பசிக் கரையில் மூன்று இரவுகள்

பாடசாலையிற் படித்த காலத்தில் எமக்கு ஆபிரிக்கா ஒரு பட்டியலாகவே அறிமுகமாயிற்று. நதிகளின் நீளம், நீர்வீழ்ச்சிகளின் உயரம், சுரங்கங்களில் அகழப்படும் உலோகங்கள் ஆகியவற்றை வரிசை பிசகாமல் ஒப்புவித்தோம். ‘கொள்ளளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி யாது?’ என்னும் வினாவிற்குக் ‘கரிபா’ என எழுதி ஒரு புள்ளியும் பெற்றோம். அந்த ஒரு சொல்லின் அடியில் எத்தனை ஊர்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்று வினாத்தாள் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அந்த அணைக்குக் கீழே, சாம்பசி நதிக்கரையிலுள்ள ஒரு சிறு விடுதியில் மூன்று இரவுகள் தங்க நேர்ந்தபோதே அவ்வினா எம் முன்னே வந்து நின்றது.

வனவிலங்கு பார்க்கச் செல்லும் உல்லாசப் பயணம் எம்போன்ற ஆசிரியர்க்கு எட்டும் பண்டமன்று. அவ்விடுதியின் ஓர் இரவுக் கட்டணம் எமது ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. எமது தாயாரின் மூத்த சகோதரர் 1980களின் தொடக்கத்திற் கணித ஆசிரியராகச் சாம்பியாவிற்குச் சென்றவர். அக்காலத்தில் இலங்கைத் தமிழ் ஆசிரியர் பலர் ஒப்பந்த அடிப்படையிற் சாம்பியா, நைஜீரியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். உடன் சென்றவர்கள் வேறு நாடுகளை நாடிப் போய்விட, மாமா அங்கேயே தங்கி, அங்கேயே ஓய்வும் பெற்றார். பாடசாலை விடுமுறையில் எம்மை அழைத்துச் செலவு முழுவதையும் ஏற்றவர் அவரே. ஆகவே, இங்கு எழுதப்படுவன பிறர் பணத்தில் உல்லாசம் அனுபவித்த ஒருவரின் சொற்கள் என்பதை வாசகர் முதலிலேயே அறிந்துகொள்வது நன்று.

தலைநகராகிய லுசாக்காவிலிருந்து எல்லைப் பட்டினமான சிருண்டு ஏறத்தாழ 135 கிலோமீற்றர் தூரம். பாதி வழிக்குமேல் வீதி மலைச்சரிவிலே வளைந்து வளைந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகின்றது. செம்பு ஏற்றிய பார லொறிகள் தென்னாபிரிக்கத் துறைமுகங்களை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக முனகிச் சென்றன. சரிவின் ஓரத்தில் ஒரு லொறி கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலிற் சாரதி அமர்ந்து யாருக்காகவோ காத்திருந்தார். இறங்க இறங்க வெப்பம் ஏறியது. அவ்வாண்டு மழை பொய்த்த ஆண்டு. பெப்ரவரி மாதத்திலேயே அந்நாட்டுச் சனாதிபதி வறட்சியைத் தேசிய அனர்த்தமாகப் பிரகடனஞ் செய்திருந்தார். வீதியின் இருமருங்கிலும் கதிர் பிடிக்காமலே காய்ந்த சோளத் தட்டைகள் நின்றன.

விடுதியிலே குடில்கள் ஏழு. புல் வேய்ந்த கூரை, ஆற்றை நோக்கிய பக்கத்திற் சுவரே இல்லாத அறை, வெண்ணிற நுளம்புவலை தொங்கும் கட்டில், சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தில் எரியும் ஒரு சிறு விளக்கு. இருட்டிய பின்னர் காவலர் துணையின்றி யாரும் அறையை விட்டு வெளியே நடத்தல் கூடாது என்பது விடுதியின் முதல் விதி. யானைகளும் நீர்யானைகளும் குடில்களுக்கு இடையிலேயே நடமாடுவதுண்டு.

அங்கு கண்டவற்றின் அழகை நாம் குறைத்துக் கூறப் போவதில்லை. முற்போக்காளர்க்கு இயற்கையை இரசிக்கும் கண் இல்லை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆற்றின்மேல் மென்பனி எழும். மீன்பிடிக் கழுகு ஒன்று தலையைப் பின்னே சாய்த்துக் குரல் கொடுக்கும். கரையோரத்தில் ஒருவகைப் பெருவேல மரங்கள் நிற்கின்றன. மழைக்காலத்தில் இலையுதிர்த்து, ஏனைய மரங்கள் காய்ந்து நிற்கும் வறட்சியிலே அவை தளிர்க்கின்றன. அவற்றின் சுருண்ட காய்களுக்காக யானைகள் வரும். ஒரு கொம்பன் யானை முன்கால்களை ஊன்றி, நெற்றியால் மரத்தை உலுக்கியது. காய்கள் பொலபொலவென உதிர்ந்தன. கூட வந்த பெண் யானைகளும் கன்றும் அவற்றைப் பொறுக்கித் தின்றன. அக்காட்சியைக் குடிலின் விறாந்தையில் இருந்து பார்த்தோம். தேநீர் ஆறிப்போனதையும் அறியவில்லை.

முதல் நாள் இரவு உணவின் பின்னர் எம்மைக் குடிலுக்கு அழைத்துச் சென்றவர் இரவுக் காவலர். வயது அறுபதை அண்மியவர். கையில் ஒரு மின்சூள், தோளில் ஒரு பழைய கம்பளி. அவர் தொங்கா இனத்தவர். மாமா அவரைத் ‘தாத்தா’ என்ற ஒலியுடைய சொல்லால் அழைத்தார். எம் மொழியிலே பாட்டனைக் குறிக்கும் அவ்வொலி அவர் மொழியிலே தந்தையைக் குறிக்கும் என்றார் மாமா. நாமும் அவ்வாறே அழைத்தோம். அவர் எம்மை ‘ஆசிரியரே’ என்றார். குடிலின் படியில் அமர்ந்து அவர் கூறியவற்றையும், பின்னர் நூல்களிற் படித்து அறிந்தவற்றையும் இணைத்துச் சுருக்கமாக இங்கு தருகின்றோம்.

சாம்பசி நதியின் நடுப்பகுதியிலே குவெம்பே என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அங்கே தொங்கா மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆற்றோர வண்டலிற் பயிர் செய்து வந்தனர். மழையை நம்பி ஒரு விளைச்சல். வெள்ளம் வடிந்தபின் ஈரமண்ணில் இன்னொரு விளைச்சல். 1953இல் பிரித்தானியர் வட றொடீசியா, தென் றொடீசியா, நியாசலாந்து ஆகிய மூன்றையும் ஒரே கூட்டாட்சியாகப் பிணைத்தனர். வடக்கே செம்புச் சுரங்கங்கள்; தெற்கே வெள்ளையரின் தொழிற்சாலைகள். இரண்டிற்கும் மலிவான மின்சாரம் தேவைப்பட்டது. 1955இல் கரிபா அணையின் வேலை தொடங்கியது. 1956இல் உலக வங்கி 80 மில்லியன் டொலர் கடன் வழங்கியது. 128 மீற்றர் உயரமுடைய அச்சுவரை எழுப்புகையில் 86 தொழிலாளர் உயிரிழந்தனர். 1958 டிசம்பரில் ஆறு அடைக்கப்பட்டது. 1960 மே மாதத்தில் இங்கிலாந்தின் இராசமாதா வந்து அணையைத் திறந்து வைத்தார். 280 கிலோமீற்றர் நீளமான ஏரி ஒன்று பிறந்தது. அதற்காக ஆற்றின் இரு கரைகளிலுமிருந்து பெயர்க்கப்பட்ட தொங்கா மக்களின் தொகை ஏறத்தாழ 57,000.

நதியிலே நியாமி நியாமி என்னும் தெய்வம் பாம்புருவில் உறைகின்றது, அது அணையைப் பொறுக்காது என்று அம்மக்கள் நம்பினர். 1957இலும் 1958இலும் வரலாறு காணாத வெள்ளம் வந்து அணைவேலையைச் சிதைத்தபோது, தெய்வம் விழித்துக்கொண்டது என மகிழ்ந்தோரும் உண்டு. ஆயினும் கொங்கிறீற்று வென்றது.

“என் தந்தையாருக்கு அப்பொழுது வயது பதின்மூன்று,” என்றார் காவலர். “வெள்ளைக்காரர் லொறிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தண்ணீர் வரும் என்றார்கள். ஆறு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து போகும் தண்ணீர்தானே, அதற்கு ஏன் ஓட வேண்டும் என்று பாட்டி கேட்டாளாம். தண்ணீர் திரும்பிப் போகாது என்பதை அவளுக்கு விளங்கப்படுத்த யாராலும் முடியவில்லை.”

சிப்பெப்போ என்னும் தலைவரின் மக்கள் நெடுந்தொலைவிலுள்ள லுசிட்டுவிற்குப் போக மறுத்தனர். அங்கே தம் முன்னோரின் கல்லறைகள் இல்லை. மழை வேண்டி வழிபடும் ‘மலெண்டே’ என்னும் கோயில்கள் இல்லை. மண்ணும் அந்நிய மண். ஆளுநர் நேரில் வந்து பேசியும் அவர்கள் இணங்கவில்லை. 1958 செப்டெம்பர் 10ஆந் திகதி சிசோமோ என்னும் கிராமத்திலே ஈட்டிகளோடு நின்ற மக்கள்மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். எண்மர் மாண்டனர், பலர் காயமுற்றனர். எஞ்சியோர் லொறிகளில் ஏற்றப்பட்டனர். ஏறத்தாழ 6,000 பேர் இவ்வாறு லுசிட்டுவில் இறக்கப்பட்டனர். மறு ஆண்டே அங்கே இன்ன நோயென்று தெளியாத ஒரு நோய் பரவிப் பெண்களையும் குழந்தைகளையும் கொண்டு சென்றது. எலிசபெத் கோல்சன், தேயர் ஸ்கடர் என்னும் மானிடவியலாளர் இருவர் 1956ஆம் ஆண்டு முதல் இம்மக்களிடையே ஆராய்ச்சி நடத்தி இவற்றையெல்லாம் பதிவு செய்துள்ளனர்.

வீட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வியை 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்வைச் சிறு குழந்தையாய் இருந்து கண்ட எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எம்மவர் விட்டு வந்த வீடுகளுக்குப் பலர் என்றோ ஒருநாள் திரும்பிச் சென்றனர். இடிந்த சுவரையேனும் கண்டனர். ஏரியின் அடியிற் கிடக்கும் வீட்டிற்குத் திரும்பும் வழி எது?

இதே காலத்தில் இன்னொரு மீட்புப்பணியும் நடந்தது. நீர் ஏற ஏற, குன்றுகள் தீவுகளாகி, விலங்குகள் அவற்றிலே சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்க 1958 முதல் 1964 வரை ‘நோவா நடவடிக்கை’ என்னும் பெருமுயற்சி மேற்கொள்ளப்பட்டது. படகுகளிற் சென்ற காவலர் ஏறத்தாழ 6,000 விலங்குகளைக் காப்பாற்றினர். கயிறு கட்டினால் மான்களின் கால்கள் காயமுறும் என்பதற்காகப் பெண்கள் தம் பழைய நைலோன் காலுறைகளை அனுப்பினர். அவற்றைப் பின்னி மென்மையான கயிறு செய்தனர். உலகப் பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. உயிரைப் பணயம் வைத்து அவ்வேலை செய்தோரை நாம் பழிக்கவில்லை. அவர்களின் பரிவு மெய்ப்பரிவே. ஆயினும் ஒரே ஆற்றின் கரையிலே, ஒரே ஆண்டிலே, மானின் காலுக்கு மென்கயிறு தேடிய நாகரிகம் மனிதரின் நெஞ்சுக்குக் குண்டைத் தேடியது என்பதை எப்படி மறப்பது?

இரண்டாம் நாள் இரவு நடந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

உணவு முடிந்து விருந்தினர் யாவரும் தீ மூட்டிய திடலிற் சுற்றி அமர்ந்திருந்தோம். ஐரோப்பாவிலிருந்து வந்த தம்பதியர் இருவர், தென்னாபிரிக்கக் குடும்பம் ஒன்று, மாமா, நாம். ஆற்றின் மேற்புறத்திலிருந்து தாளம் ஒன்று கேட்கத் தொடங்கியது. முதலில் மெல்ல, பின்னர் விரைவாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பல தாளங்கள். இடையிடையே பெண்களின் உரத்த குரல். அத்தம்பதியரின் முகம் மலர்ந்தது. “ஆபிரிக்காவின் பறை!” என்று மெதுவாகச் சொன்ன அவர் மனைவியார், ஒலியைப் பதிவு செய்யத் தம் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார்.

நாமும் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. எம் ஊர்க் கோயிற் பறையொலி நினைவுக்கு வந்தது. மக்கள் கலை இன்னும் உயிரோடிருக்கின்றது என்ற பெருமிதத்தோடு காவலரிடம் திரும்பி, “இன்று ஊரில் ஏதும் விழாவா, தாத்தா?” என்று கேட்டோம்.

அவர் உடனே விடை கூறவில்லை. ஒலி வந்த திசையையே பார்த்து நின்றார்.

“விழா இல்லை, ஆசிரியரே. அது பறையுமில்லை, தகரம். என் மருமகள் அடிக்கிறாள். யானைகள் எங்கள் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டன.”

கைத்தொலைபேசி மெல்லக் கீழே இறங்கியது. யாரும் பேசவில்லை. அவரது மகன் சுரங்க வேலைக்கு வடக்கே போயிருந்தான். வீட்டில் மருமகளும் பிள்ளைகளுமே என்று முன்னிரவு கூறியிருந்தார். “நீங்கள் போய் வாருங்கள், நாங்கள் பத்திரமாக இருப்போம்,” என்றோம். அவர் தலையசைத்து மறுத்தார். “நான் போன நேரத்தில் உங்களில் ஒருவருக்கு ஏதும் நேர்ந்தால் நாளை எனக்கு வேலையில்லை. இந்த யானைகளால்தான் எனக்குச் சம்பளம். இதே யானைகளால்தான் என் வீட்டில் விளைச்சலில்லை.”

அன்றிரவு அவர் விருந்தினரை ஒவ்வொருவராக அவரவர் குடிலுக்குக் கொண்டுபோய் விட்டார். தகரவொலி நெடுநேரம் கேட்டது, பின்னர் ஓய்ந்தது. ஓய்ந்தது யானை போய்விட்டதாலோ, தோட்டம் முடிந்துவிட்டதாலோ என்பதை அறிய வழியில்லை. நுளம்புவலைக்குள்ளே படுத்திருந்த எமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு மனிதரைத் தம் குடும்பத்தின் பக்கத்தில் நில்லாதவாறு மறித்து வைத்திருந்தவர் யார்? விடுதி முதலாளியா? சட்டமா? அவர்கள் மட்டுமல்லர். பணம் கட்டிப் படுத்திருந்த நாமும்தான்.

காலையில் மாமாவும் நாமும் அவரோடு சென்றோம். விடுதியிலிருந்து அரைமணி நேர நடை. மண்சுவர் வீடுகள் நான்கு. அவற்றிலிருந்து ஆறுவரை சரிந்திறங்கும் ஒரு துண்டு நிலம். மழைப் பயிர் பொய்த்தபின், ஆற்றிலிருந்து வாளியில் நீர் சுமந்து ஊற்றிக் கீரையும் தக்காளியும் கொஞ்சம் பச்சைச் சோளமும் வளர்த்திருந்தார்கள். மிளகாய்த்தூளும் கழிவெண்ணெயும் தோய்த்த துணிகளைச் சுற்றுக் கயிற்றிலே கட்டியிருந்தார்கள். யானைக்கு மிளகாயின் நெடி ஆகாது. கயிறு அறுந்து கிடந்தது. மண்ணிலே வட்ட வட்டமாகப் பாதச்சுவடுகள். பாத்தி இருந்த இடம் தெரியவில்லை. முன்னாள் நாம் வியந்து பார்த்த யானைகள்தாம் இவையோ, வேறோ? சுவட்டைக் கண்டு சொல்லும் அறிவு எமக்கில்லை.

மருமகள் மிதிபடாத தக்காளிகளைப் பொறுக்கி ஒரு தட்டிலே சேர்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அரசாங்கம் இழப்பீடு ஏதும் தருமா என்று கேட்டோம். அவள் சிரித்தாள். அச்சிரிப்பைக் காவலர் மொழிபெயர்க்கவில்லை, மொழிபெயர்க்க வேண்டியிருக்கவுமில்லை. யானையை நாம் கொன்றால் அரசாங்கம் உடனே வரும், யானை நம்மைக் கொன்றால் ஆறுதலாக வரும் என்று அவர் தாமாகவே கூறினார்.

மாமா காரிலிருந்து ஒரு மூடை சோளமாவை இறக்கிக் கொடுத்தார். அவள் முழந்தாளிட்டு, இரு கைகளையும் குவித்துத் தட்டி, “துவாலும்பா” என்றாள். ‘நன்றி கூறுகின்றோம்’ என்பது பொருள். தனியொருத்தியாய் நின்றும் அவள் பன்மையிலேயே பேசினாள். அப்பன்மைக்குள் பிள்ளைகளும் மாமனாரும் சுரங்கத்திலுள்ள கணவனும் அடங்குவர். கட்டுரை எழுதும்போது வழக்கம் பற்றி ‘நாம்’ என எழுதும் எமக்கு, அச்சொல்லை அவளைப்போல் எழுதும் உரிமை இன்னும் கிட்டவில்லை என்று தோன்றியது.

யானை எதிரி என்பது எமது கருத்தன்று. எமது நாட்டிலும் 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கு மேற்பட்ட யானைகளும் 170க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டதை நாமறிவோம். இரு பக்கத்திலும் சாவது ஏழை உயிர்களே. காடு ஒருபுறம் அரசாங்கத்தின் வேலிக்குள்ளும், வளமான ஆற்றங்கரை மறுபுறம் ஏரியின் அடியிலும் போய்விட்டபின், எஞ்சிய ஒடுங்கிய நிலத்துண்டிலே மனிதனையும் விலங்கையும் மோதவிட்டிருக்கிறார்கள். மோதலைத் தூர நின்று காண்போருக்கு அது காட்சி. அருகில் நிற்போருக்குச் சோறு. விலங்குகளைக் காக்க வேண்டும் என்போர் முதலில் அவ்விலங்குகளின் அயலில் வாழ்வோரின் இழப்பைத் தம் கணக்கிலே எழுதிக்கொள்ள வேண்டும். விடுதியின் வருமானத்தில் ஊரவர்க்கு உரிமையாக ஒரு பங்கு வேண்டும்; தருமமாக ஒரு மூடை மா போதாது. எமது மூடையையும் சேர்த்தே சொல்கின்றோம்.

மூன்றாம் நாள் மாமா எம்மை அணைக்கு அழைத்துச் சென்றார். வழியிலே லுசிட்டுவைக் கடந்தோம். அரிப்புண்டு சிவந்த மண், மெலிந்த ஆடுகள், குழாய்க் கிணற்றடியிலே வரிசையாக மஞ்சட் கலன்கள். வீதிக்கு அப்பால், அணையிலிருந்து வடக்கே செல்லும் பெரிய மின்கம்பங்கள் குன்றின்மேல் குன்றாக ஏறிச் சென்றன. அவற்றின் கீழிருந்த வீடுகள் பலவற்றிற்கு ஒரு கம்பியும் இறங்கவில்லை.

“தம்பி, இந்தச் சனம் நாட்டுக்கு வெளிச்சம் குடுத்த சனம்,” என்றார் மாமா. “இவையளின்ரை வீட்டிலை இண்டைக்கும் விளக்குத்தான். நான் நாப்பது வருசமாய் இந்த றோட்டாலை போய் வாறன், நானும் யோசிச்சதில்லை.”

அணைச்சுவரின் மேல் நின்று பார்த்தோம். ஏரி மிகத் தாழ்ந்திருந்தது. முன்னைய நீர்மட்டத்தின் அடையாளம் பாறைகளில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நாட்டின் மின்சாரத்திற் பெரும்பகுதி நீரிலிருந்து பெறப்படுவதால், அவ்வாண்டு லுசாக்காவிலும் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் இல்லை. தலைநகர மக்கள் இருளை ஒரு பேரிடராகப் பேசிக்கொண்டனர். லுசிட்டுவில் அதனை ஒரு செய்தியாகவும் யாரும் சொல்லவில்லை. அணையருகே சிறுவர் சிலர் நியாமி நியாமியின் உருவத்தை மரத்திற் செதுக்கி, உல்லாசப் பயணிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தனர். ஆற்றை இழந்த தெய்வத்திற்குக் கழுத்துச் சங்கிலியில் ஓர் இடம் கிடைத்திருக்கின்றது. நாமும் ஒன்று வாங்கினோம், பேரம் பேசவில்லை.

ஊர் திரும்பிய பின்னர் மாணவர்க்கு யானைப் படங்களைக் காட்டினோம். ஆசையோடு பார்த்தனர். அதன்பின் தகரவொலியின் கதையைச் சொன்னோம். வகுப்பு அமைதியாயிற்று. கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அந்த அக்கா திரும்பவும் தோட்டம் செய்தவவா, சேர்?” என்று கேட்டாள்.

எமக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னோம். ஆயினும் அவள் கேட்டது பாடசாலையில் எம்மிடம் ஒருபோதும் கேட்கப்படாத வகையைச் சேர்ந்த கேள்வி. புவியியல் கற்பிக்கும் நண்பரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கின்றோம். உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி யாது என்று அடுத்த தவணைப் பரீட்சையிற் கேட்கும்போது, அதன் கீழே இன்னுமொரு வினாவைச் சேர்க்க வேண்டும்: ‘அங்கிருந்த மக்கள் எங்கே சென்றனர்?’ புள்ளி எத்தனை கொடுப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.